தொட்டி மண்

அன்று காலையில் ஐந்தாவது இலையும் மஞ்சளாகிவிட்டது. சுப்பராயன் பல்லைக்கூடத் தேய்க்காமல் பால்கனிக் கதவருகே தரையில் உட்கார்ந்து அந்த இலையைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், கீழே உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.

அது மான்ஸ்டெரா. ஓட்டையும் கிழிசலுமாகப் பெரிய பெரிய இலை விடுகிற அலங்காரச் செடி. நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வர்ஷா அதை ஒற்றை இலையோடு கறுப்புப் பையில் வாங்கி வந்தபோது, "கிழிஞ்ச இலையைப் போயா பொறுக்கிட்டு வந்தே? நல்லதா ஒண்ணு கிடைக்கலையா?" என்று மங்களம் கேட்டாள். வர்ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செடிக்குத் தினகரன் என்று பேர் வைத்ததும் அவள்தான். நிஜத் தினகரன் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் தலையை நீட்டி, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்கிற மனுஷன். இந்தச் செடியும் சுவரிலிருந்து சோபாவுக்கும் சோபாவிலிருந்து டிவிக்கும் கையை நீட்டிக்கொண்டே போனது. "அம்மா, தினகரன் டிவியை மறைக்கிறான், கொஞ்சம் தள்ளி விடு" என்பாள். ஆவடி பக்கம் சேக்காட்டில் இருந்த அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் அவள் இல்லை. இருபத்தேழு வயது. இதற்கு மேல் இதை விவரிக்க எனக்கே வாய் வரவில்லை, விட்டுவிடுங்கள்.

சுப்பராயன் யாருக்கும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். தகன மேடையில் சாம்பலையும் எலும்புத் துண்டுகளையும் மண் கலயத்தில் போட்டு, வெள்ளைத் துணி கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் கடலில் கரைக்க இவரும் மச்சினனும் பட்டினப்பாக்கம் கிளம்பினார்கள். மங்களமும் வருகிறேன் என்று வாசலில் வந்து நின்றாள். பொம்பளைகள் வரக்கூடாது என்றார்கள் உறவுக்காரர்கள். "நீ இரு மங்களம்" என்று இவரும் சொல்லிவிட்டார். கடற்கரையில் மச்சினன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் கலயத்தின் துணியை விலக்கி ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபோது அந்தப் பிடியைத் தினகரனின் தொட்டியில் தூவி, விரலால் கிளறி, மண்ணை மூடினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு திருகாணி அளவு பிசகினால்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்தப் பெண்டாட்டியிடம் எட்டு மாதமாக இதை மறைத்தார். முழுசாகக் கரைக்க வேண்டும், துளி மிச்சம் வைத்தாலும் போன உயிர் போக முடியாமல் தவிக்கும் என்று நம்புகிறவள் மங்களம். தெரிந்தால் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயந்தார்.

ஆனால் சாம்பல் போட்ட இரண்டாம் மாதமே செடி சோர்ந்தது. செடி வாடினால் தண்ணீர் ஊற்று. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே? காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றினார். வாடல் கூடியது, சொம்பையும் கூட்டினார். ஒன்பது இலை நாலாகிவிட்டது. இது போனால் வர்ஷா இரண்டாம் தடவை சாகிறாள், இந்தத் தடவை என் கண் முன்னாலேயே, என் கையாலேயே சாகிறாள். அவர் மனதில் ஓடியது இவ்வளவுதான்.

"எழுந்திரிங்க. செடி பார்க்கிற பொண்ணு பத்தரைக்கு வருதாம்" என்று மங்களம் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவளிடமும் ஒரு பழக்கம் இருந்தது. இன்றைக்கும் காலையில் மூன்று டம்ளர் காப்பிதான் கலப்பாள். மூன்றாவது டம்ளர் கொஞ்ச நேரம் அடுப்பு மேடையில் இருக்கும். இவர் குளித்துவிட்டு வருவதற்குள் கழுவிக் கவிழ்த்திருப்பாள். தொட்டியில் கொட்டுகிறாள் போல, அதாவது பாத்திரம் கழுவும் தொட்டியில், என்று இவராக நினைத்துக்கொண்டார். கேட்டதில்லை. கேட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் இவரும் அழ வேண்டும்.

சொன்ன நேரத்துக்கு யுவராணி வந்தாள். வெள்ளானூரில் நர்சரி வைத்திருக்கிறாள். ஸ்கூட்டரில் அடுக்குமாடி அடுக்குமாடியாகப் போய் வீட்டுக்குள் வளர்க்கிற செடிகளுக்கு வைத்தியம் பார்ப்பாள். லிப்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து மங்களம்தான் போன் செய்திருந்தாள். யுவராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, நேரே செடியிடம் போய்க் குந்தினாள்.

"இன்னா சார் இது, செடிய இந்தக் கதிக்கு உட்டுட்டு இப்பத்தான் கூப்புடுறீங்க?"

ஒவ்வோர் இலையையும் திருப்பி, போன் வெளிச்சத்தில் அடிப்பக்கம் பார்த்தாள். காம்பு சேருகிற இடுக்குகளில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"பூச்சி ஒண்ணும் கெடையாது. ஆனா ஒரே செடிக்கு மூணு நோவு கீது. அடி எலை மஞ்சளாயி தொளதொளன்னு தொங்குது பாருங்க, அது தண்ணி ஜாஸ்தி. ஓரம் மட்டும் காஞ்சி மொறுமொறுன்னு கீது, அது மண்ணுல உப்பு ஏறிப்போனதுக்கு. இந்தப் புது எலைய பாருங்க. நரம்பு பச்சையா கீது, நடுவால வெளுத்துப் போச்சி. மண்ணுல கீற சத்த வேரு எடுத்துக்க முடியல. தண்ணி எத்தினி நாளைக்கு ஒருக்கா ஊத்துறீங்க?"

"நாளைக்கு ரெண்டு வேளை" என்றார் சுப்பராயன்.

"ரெண்டு வேளையா! செடியா சார் இது, தாமரையா?" தலையில் அடித்துக்கொண்டாள். "மேல் மண்ணு ரெண்டு வெரக்கட காஞ்சாத்தான் ஊத்தணும். வெரல உட்டுப் பாத்தாலே தெரியுமே."

சொல்லிக்கொண்டே விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குட்டி ஈக்கள் கிளம்பிப் பறந்தன.

"புளிச்ச வாடை அடிக்குது. தண்ணிக்கு இப்பிடி அடிக்காது. இனிப்பா எதனா ஊத்துனீங்களா? ஜூஸு, டீ, அந்த மாதிரி?"

"இல்லம்மா. தண்ணி மட்டும்தான்" என்றாள் மங்களம் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி.

யுவராணி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பையிலிருந்து மண்ணின் புளிப்பு, காரம் காட்டுகிற ஒரு காகிதத் துண்டை எடுத்து நனைத்தாள். காகிதம் நீலப் பச்சையாக மாறியது.

"சுண்ணாம்பு, சாம்பலு எதனா போட்டீங்களா சார்?"

"சாம்பலா? சேச்சே. எதுக்குப் போடறேன்? ஒண்ணும் போடலை." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அவசரத்தில் இருந்த மனுஷனுக்கு, பெண்டாட்டியின் முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"கழட்டி வேரப் பாக்கணும்."

"வேண்டாம்மா. மேலாப்புல மருந்து ஏதாவது தெளிச்சு விடு."

"சார், வவுத்துல கட்டிய வெச்சிகினு நெத்தியில தைலம் தடவுனா தீருமா?"

தரையில் செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, அடிப்பக்கம் நாலு தட்டுத் தட்டினாள். மண் கட்டியாக வந்து விழுந்தது. தொட்டியின் அடி ஓட்டைகள் அடைத்துப்போயிருந்தன. ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். மேல்தோல் கறுப்பாக வழுக்கிக் கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது.

"நல்ல வேருன்னா வெள்ளையா, கெட்டியா இருக்கும். இது மொத்தமும் அழுகிப் போச்சிம்மா."

அவள் வேரை உதறினாள். மண் செய்தித்தாளில் சிதறியது. கொஞ்சம் தரையிலும் தெறித்தது. ஒவ்வோர் உதறலுக்கும் சுப்பராயன், ஐயோ, அங்கே போகிறது, இங்கே போகிறது என்று கண்ணாலேயே ஒவ்வொரு துகளையும் துரத்தினார். யுவராணி பையிலிருந்து ஒரு கறுப்புக் குப்பைப் பையை எடுத்து உதறி விரித்தாள்.

"இந்த மண்ணு இனி எதுக்கும் ஆவாது. கொட்டிடலாம்."

"கொட்டாதே!"

சுப்பராயன் போட்ட கத்தலில் அவளே பயந்துபோனாள். அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. மண்ணுக்குள்ளிருந்து விரல் நகமளவு வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னாமா, முட்ட ஓடு போட்டீங்களா?"

"எங்க வீட்டுல முட்டையே கிடையாதே" என்று மங்களம் வாய்தவறிச் சொல்லிவிட்டு, அப்படியே நிறுத்தினாள்.

சுப்பராயன் முழங்காலை மறந்து மண்டியிட்டு, அந்தத் துண்டை யுவராணியின் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்து மூடி, மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷ நேர்மையும் எட்டு மாதப் பொய்யும் அந்தத் தரையில் ஒன்றாக உடைந்தன.

"மங்களம், என்னை மன்னிச்சிடு. முழுசாக் கரைக்கலை. என்னால முடியலை. ஒரு பிடி எடுத்துட்டேன். அவளை முழுசா விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை மங்களம். இதுலதான் போட்டேன்."

யுவராணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் மங்களம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வீட்டுல துணி துவைக்கிறது யாரு, நீங்களா? அழுக்குக் கூடையில கைக்குட்டை கிடந்தது. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் தொட்டி மண்ணு. அன்னைக்கே தெரியும்."

"அப்போ ஏன் கேட்கலை?"

"கேட்டா, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி அதையும் கடல்ல கொண்டுபோய்க் கரைச்சிடுவீங்களோன்னு பயந்தேன். சாஸ்திரம் எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தாங்க. நம்ம பிள்ளைன்னா எதுவும் நிக்காது." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு யுவராணி பக்கம் திரும்பினாள். "இனிப்பு ஊத்தினீங்களான்னு கேட்டியேம்மா. நான்தான். காப்பி குடிக்காம அவ கண்ணையே திறக்கமாட்டா. ரெண்டரை ஸ்பூன் சர்க்கரை போடணும், குறைஞ்சா கத்துவா. எட்டு மாசமா தினம் காலையில ஆத்தி, சூடு இல்லாமத்தான் ஊத்தறேன். அவ இங்கதானே இருக்கா, வேற எங்க கொடுப்பேன்?"

சுப்பராயனுக்கு மூன்றாவது டம்ளர் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே வீட்டில், ஒரே தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மகளைச் சீராட்டியிருக்கிறார்கள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்!

யுவராணி குப்பைப் பையைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள். தரையில் தெறித்திருந்த மண்ணை, ஒரு துகள் விடாமல், உள்ளங்கையால் கூட்டிக் கூட்டிச் செய்தித்தாளில் சேர்த்தாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நா பாட்டுக்கு ஒதறிகினு கீறேன்" என்றாள். பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வேரு தேறாது. மேல ஒரு கணு மட்டும் கெட்டியா கீது, அதுல ஒரு நல்ல எலையும் கீது. அத மட்டும் வெட்டித் தண்ணியில வெச்சா வேரு உடலாம். உடும்னு சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன். ஆனா திரும்ப இந்த மண்ணுல வெக்கக் கூடாதும்மா. வெச்சா ஒரு வாரம் தாங்காது."

"அப்ப வெட்ட வேண்டாம்" என்றார் சுப்பராயன். "செடி போனாப் போகட்டும். மண்ணு அப்படியே தொட்டியில இருக்கட்டும்."

"வெறும் மண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"வெறும் மண்ணா? என் பொண்ணுடி அது!"

"எனக்கும் பொண்ணுதான்!" மங்களம் முதல்முறையாகக் கத்தினாள். "ஒத்தை இலையா வந்ததை இம்மாம் பெரிசா வளர்த்தது அவ. பேர் வச்சா, துடைச்சா, பேசினா. அவ வளர்த்த உசிரை அவளையே போட்டுக் கொன்னுக்கிட்டு இருக்கோம்ங்க நாம ரெண்டு பேரும். அவ இருந்தா நம்மளைச் சும்மா விடுவாளா?"

சுப்பராயனின் மூடிய கை திறக்கவில்லை. மங்களம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, "வெட்டும்மா" என்றாள்.

யுவராணி பிளேடை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கணுவுக்கு ஒரு விரல் கீழே வைத்து ஒரே இழுப்பில் வெட்டினாள். வெட்டுக்காயம் கொஞ்சம் உலரும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, இலை நனையாமல், கணு மட்டும் மூழ்கும்படி நிறுத்தினாள்.

"நேர் வெயில் வேணாம். நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க. வெறும் தண்ணிதாம்மா. வெறும் தண்ணி. வேற ஒண்ணும் ஊத்தாதீங்கம்மா." எத்தனையோ வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். இங்கே பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிளம்பும்போது செய்தித்தாள் மண்ணை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செடியே இல்லாத மண்ணில் அவளை வைத்திருக்க மங்களத்துக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆவடியில் ரயில் ஏறினார்கள். மண் ஒரு மஞ்சள் பையில், மங்களத்தின் மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் பைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா சார், தொட்டி மண்ணா? நல்ல மண்ணா கீதே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"வாங்கலைங்க. எங்க பொண்ணோடது" என்றாள் மங்களம்.

"அப்பிடியா. பொண்ணு இன்னா பண்ணுது?"

மங்களம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்பத்தூர் போய் வில்லிவாக்கம் வரும்வரை சுப்பராயன் அந்த ஆளின் கேள்விக்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தார்.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் போனபோது வெயில் ஏறிவிட்டது. முழங்கால் தண்ணீரில் இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்கு என்னை விட்டுட்டு வந்தீங்க" என்றாள் மங்களம்.

"பாவி மங்களம் நான்."

"இதே இடமா?"

"இதே இடம்தான்."

அவள் பையில் கை விட்டு ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் விட்டாள். இன்னொரு பிடி. அவசரமே படவில்லை. ஐந்து நாள் காய்ச்சலில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொரு பிடிக்கும் ஒன்றாக முணுமுணுத்தாள். அலைச் சத்தத்தில் சுப்பராயனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். மங்களம் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இத்துனூண்டு" என்றாள். பிறந்த அன்று வர்ஷாவைக் கையில் வாங்கியபோதும் அவள் இதையேதான் சொன்னாள். கையைத் தண்ணீருக்குள் இறக்கி விரித்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் சுப்பராயன் முன்னதாகவே எழுந்துவிட்டார். பால்கனிக் கதவருகே தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. பக்கத்து முக்காலியில் பாட்டில். அதில் கிழிந்த இலை ஒன்று நிமிர்ந்து நின்றது. கிட்டே போய்ப் பார்த்தார். வேர் ஒன்றும் வரவில்லை. வந்தாலும் மூன்று வாரமாகும் என்று யுவராணி சொல்லியிருந்தாள்.

அடுப்படியில் காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. மங்களம் டம்ளரோடு வந்தாள். தூக்கக் கலக்கமோ, எட்டு மாதப் பழக்கமோ, நேரே பாட்டிலருகே போய்க் கையைச் சாய்த்தவள், சாய்த்தபடியே நின்றுவிட்டாள். இரண்டு சொட்டு தரையில் விழுந்தது.

"என்னங்க" என்றாள். "இனிமே அவளுக்கு எங்க ஊத்துவேன்?"

சுப்பராயன் அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினார். பதினொரு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர். இனிப்புக் காப்பி வாயில் பட்டே அத்தனை காலம் ஆயிற்று. ஒரு வாய் குடித்தார். ரெண்டரை ஸ்பூன், சரியாக இருந்தது. ஐயோ, என் குழந்தை தினமும் இதைத்தான் குடித்தாளா, இத்தனை தித்திப்பா இருக்குமா இது என்று நினைத்தார். மங்களம் தடுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அழுதுகொண்டே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், முழுசையும் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் கொடுத்தார்.